ஸ்டெல்லா மேடம் என்னை இறக்கிவிட்ட பஸ்

ஸ்டெல்லா மேடம் காலமான செய்தி போனில் வந்தபோது, காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவரை அவர் ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை.

தானே புயலில் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தபோது, நான் டூட்டிக்குப் போய் சிதம்பரத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அதன்பின் காக்கிச் சட்டையை எடுத்தாலே மகள் ஜெனி காலைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்ட அழுவாள். பள்ளிக்கூடமும் போகமாட்டாள். லீவுக்கு மேல் லீவு போட்டுக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஸ்டெல்லா மேடம் சிதம்பரத்திலிருந்து வந்து, எங்கள் சர்ச் ஹாலில் பெற்றோருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது.

"புள்ளைய சரி பண்ணுங்கன்னா, என்னைய வெளையாடச் சொல்றீங்களே மேடம்?"

"நான் வாரத்துக்கு ஒரு நாள் வர்றவ சார். நீங்கதான தெனமும் கூட இருக்கீங்க!"

அரை மணி நேரம் குழந்தை வைத்ததுதான் சட்டம். திருத்தக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. இந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் எங்கள் ஊர் அப்பாக்களிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த ஹாலில் ஏட்டையா திருடனாகி, மகனிடம் அடி வாங்கியது, மேடத்துக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஜெனி நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். அவள் கண்டக்டர், நான் பாசஞ்சர். ஒரே ஒரு விசில் அடித்து, "போலாம் ரைட்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒத்த விசிலுக்கு வண்டி நிக்கும்டி. ரெண்டு அடிச்சாதான் கெளம்பும்."

மேடம் என் தோளைத் தட்டினார். "சார், எறங்குங்க. கண்டக்டருக்கே வேல கத்துக் குடுக்குற பாசஞ்சர நாங்க ஏத்துறதில்ல."

என் சர்வீஸில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டது அன்றுதான். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்ததும் அன்றுதான்.

வீட்டிலும் பஸ் ஓடியது. ஒரு நாள் நடுவழியில் ஜெனி கத்தினாள். "புயல் வருது!"

'புயலெல்லாம் போயிடுச்சும்மா' என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மேடம் முன்பே எச்சரித்திருந்தார். "பயத்த நீங்க தொரத்தாதீங்க சார். என்ன பண்ணலாம்னு அவளையே கேளுங்க."

கேட்டேன். "பயமா இருக்கே கண்டக்டர், இப்ப என்ன பண்றது?"

ஜெனி என் கையை எடுத்து முன் நாற்காலியில் வைத்தாள். "கெட்டியா புடிச்சுக்கங்க. காத்து நின்னுடும். அப்பறம் வூட்டுக்குப் போயிடலாம்."

நான் அழுதுவிட்டேன். சில நாட்களில் அவளே காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்து, "டூட்டி முடிஞ்சா நேரா வூட்டுக்கு வரணும்" என்று மிரட்டி அனுப்பிவைத்தாள்.

மேடம் போய்விட்டதைச் சொன்னதும் ஜெனி தரையில் உட்கார்ந்து அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடம் எனக்கு விட்டுப்போனது அதுதான்.