பிரேக்கில் வைத்த விரல்

ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதை இருக்கிறது. பாதி வழியில் இடுப்பளவு உயரத்துக்குத் தரை வெட்டுண்டு நிற்கும். நிறுத்தாமல் விட்டால் சைக்கிள் அந்தரத்தில் பாய்ந்து கீழ்த்தட்டில் இறங்கும். மூன்று சனிக்கிழமைகள் நான் அந்த விளிம்புவரை வந்து கால் ஊன்றி நின்றுவிட்டேன்.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. உடம்பு கனத்துப்போகிறதே என்று வாங்கிய சைக்கிள். லேபில் என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அந்தச் சரிவுக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, பிரேக்கில விரல வச்சிட்டு இறங்காண்டாம். ஒண்ணுகில் இறங்கணும், இல்லெங்கில் மேலயே நிக்கணும். பாதியில நின்னாத்தான் அடியாக்கும்," என்றாள்.

நான்காவது வாரம் துணிந்து சைக்கிளை விட்டேன். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிய நொடியில் விரல் தானாகப் பிரேக்கை இறுக்கியது. தலைகுப்புற விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்த நாட்களில், விழுந்ததைவிட இன்னொன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிந்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்தோம். அதற்கு முந்தின வருடம் ஒரு குழந்தையின் படமும் மருத்துவக் குறிப்பும் போனில் வந்தன. பதில் சொல்ல இரண்டு நாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றேன். குறிப்பை டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அமரவிளையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் என் கணவர், கடையை அடைத்துவிட்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் கெடு முடிந்தது. ஒன்றரை வயதுப் பையன். கன்னத்தில் மைப்பொட்டு வைத்திருந்தார்கள். அதன்பிறகு அவனைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

கட்டைப் பிரித்து, கை தேறியபின் மறுபடி சரிவுக்குப் போனேன். தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. விரல்களை ஹேண்டிலோடு மடக்கிக்கொண்டு விட்டுவிட்டேன். கீழ்த்தட்டில் சக்கரங்கள் மோதிய அதிர்வு தோள்வரை ஏறியது. விழவில்லை.

அந்த மழைக்காலத்தில் இரண்டாவது படம் வந்தது. ஏழு வயதுப் பெண், சிரிக்காத முகம். முன்பு ஒரு குடும்பம் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பிவிட்டது என்று குறிப்பில் ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன்.

"இந்தத் தடவ ஆரிட்டயாவது கேக்கணுமா?" என்றார் கணவர்.

"வேண்டாம். உங்களுக்கு?"

"எனக்கு அன்னைக்கே சம்மதமாக்கும்."

ஒரு வருடமாக அவர் அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அன்றே சம்மதம் பதிந்தோம்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவள் எங்களோடு மல்லுக்கு நின்றாள். தட்டைத் தள்ளிவிட்டாள், கண்ணாடி டம்ளர்களை உடைத்தாள், குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவளுக்குப் பழக்கம் மலையாளம். நாங்கள் தமிழில் பேசினால் காதைப் பொத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன்னைத் திரும்பக் குழந்தைகள் இல்லத்திலேயே கொண்டுபோய் விடச் சொன்னாள். இல்லையென்றால் தானே பஸ் ஏறிப் போவாளாம்.

கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது உண்மை. சரிவு இரண்டு நொடியில் முடிந்துபோகும். இது அப்படி முடியாது என்று அந்த இடத்தில்தான் உறைத்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"கொண்டு விடமாட்டேன் மக்கா," என்றேன்.

இனியும் எல்லாவற்றையும் உடைப்பேன் என்றாள்.

"உடச்சா பெறக்கிப் போடலாம். கொண்டு விடமாட்டேன்."

முன்பு கூட்டிப்போனவர்களும் இப்படித்தான் சொன்னார்கள் என்று அவள் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னாள். எழுந்திருக்காமல் இருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மழை தூறத் தொடங்கியது. கணவர் குடையோடு வந்தார், மூவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் என்ன கறி என்று அவள் கேட்டாள். மீன் என்றேன். முள்ளெடுத்துத் தர வேண்டும் என்றாள்.

அந்தப் பை கட்டியது கட்டியபடியே பல வாரம் அவள் கட்டிலுக்கடியில் கிடந்தது. நான் தொடவில்லை. ஒரு நாள் லேபிலிருந்து வந்து பார்த்தபோது, அவள் சட்டைகள் என் சேலைகளுக்குக் கீழே அலமாரியில் கோணல்மாணலாக அடுக்கப்பட்டிருந்தன. நான் அதைச் சரிசெய்யாமல் கதவைச் சாத்தினேன்.