‘தனிமை’ என்று பெயர் வைத்தவர்

நம் போட்டிகளின் நடுவர் ஞானமுத்து சார் இறந்துபோன செய்தி நம் புகைப்படக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வந்தது. அஞ்சுகிராமம் பேருந்தில் நின்றுகொண்டே பார்த்தேன். செய்தியைப் படிக்கும் முன்பே படத்தை மதிப்பிட்டுவிட்டேன். அந்தப் பழக்கத்தை நம் எல்லாருக்கும் உண்டாக்கியவர் அவர்தான். அவர் முகத்துக்கு நேராக அடித்த ஃபிளாஷ். மூக்குக்கு நிழலே இல்லை. பின்னணியை நீக்கி மேகங்களையும் வெள்ளைப் புறாக்களையும் ஒட்டியிருந்தார்கள். கூடவே ஒரு காதின் ஓரமும் போயிருந்தது. போட்டிக்கு வந்திருந்தால் மேசையிலிருந்து தள்ளிவிட்டிருப்பார். அவருக்கு இப்படியொரு படம் வாய்த்ததில் எனக்கு வருத்தமில்லை.

நினைவு மலருக்கு எழுதச் சொன்னீர்கள். அவருடைய திறமையை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு படத்தில் கண்மணியில் விழுந்திருக்கும் வெளிச்சப் பொட்டைப் பார்த்தே ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, பாதி சாத்தியிருந்ததா என்று சொல்லுவார். ஒருமுறை நான் கொண்டுபோன மீனவர் படத்தைப் பார்த்து, “இனயம் கடற்கரையில எடுத்தியா மக்கா? வெயிலு ஏறுனபிறகு நீ போயிருக்கா. கண்ணு ரெண்டும் குழியாட்டு கிடக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார். வெளிச்சத்தை அவர் தவறாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தைத்தான் தவறாகச் சொன்னார்.

என் அக்கா ஸ்டெல்லாவை அடுக்களை வாசலில் உட்காரவைத்து எடுத்த படம் அது. இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம். மடியில் கிடந்த அவளுடைய மகன் ஜெபின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான். சட்டகத்துக்குள் வந்தது அவனுடைய கை மட்டும்தான், கீழ் மூலையில், அசைந்து கலங்கலாக. சிரிக்காதே என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததால் அக்கா உதட்டை மடித்து, கண்ணைத் தாழ்த்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். படம் கழுவி வருவதற்குள் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். இருவரும் சேர்ந்திருக்கும் படம் வேறு இல்லை. “போட்டிக்குக் குடு. நாலுபேரு பாக்கட்டு” என்று அக்காதான் சொன்னாள்.

போட்டி நடந்த அரங்கில் அவளும் இருந்தாள். பிள்ளை இறந்ததை நான் முன்கூட்டியே சாரிடம் சொல்லியிருந்தேன். “கதையெல்லாம் வெளியே வச்சிட்டு வா. படச்சட்டத்துக்குள்ள இருக்கதுதான் எனக்குக் கணக்கு” என்றார். பிறகு மேடையில், உங்கள் எல்லார் முன்னிலும், பிளேடை எடுத்தார். போர்ட்ரெய்ட்டில் இந்தக் கை ஓர் இடைஞ்சல், அதுவும் கலங்கல் என்று சொல்லி, கீழ்ப்பகுதியை அளவுகோல் வைத்து வெட்டினார். மிஞ்சியதைத் தூக்கிக் காட்டி, “அழுகையை அடக்கும் இந்த உதட்டைப் பாருங்கள். இப்போதுதான் இது படம். தலைப்பு, ‘தனிமை’” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அக்கா எழுந்து மேடைக்குப் போனாள்.

“சாரே, அது எனக்க பிள்ளைக்க கையாக்கும்.”

“கை நல்ல கைதாம்மா. உங்க முகத்தைக் கெடுக்கு.”

“எனக்க முகம் கெட்டாப் போட்டு. கையைத் தாரும்.”

அவர் சிரித்தார். அரங்கமும் சிரித்தது. வெட்டிய துண்டை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினாள்.

மிஞ்சிய படத்துக்கு முதல் பரிசு. அதோடு விட்டாரா? போன இடமெல்லாம் அதைத் திரையில் போட்டு, உணர்ச்சியை எப்படி வெட்டியெடுப்பது என்று பாடம் நடத்தினார். துக்கமே முகமானது என்பார். அது சிரிப்பு, சார், என்று நான் ஒருநாள் சொன்னேன். “எடுத்தவன் நெனச்சது படத்துக்குத் தெரியாது மக்கா. பாக்கவன் அழுதானா இல்லியா? அதைச் சொல்லு” என்றார். அவர் பேச்சில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்தார். பார்க்கிறவன் எதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையோடு சிரித்த நேரத்திலிருந்து பிள்ளையை வெட்டிவிட்டு, அவள் தனியாக இருக்கிறாள் என்று உருகுவது ரசனை அல்ல, களவு.

போன வாரம் செயலாளர் தொலைபேசியில் பேசினார். “அண்ணே, அஞ்சலிக் கூட்டத்துக்கு அந்தத் ‘தனிமை’ வேணும். சாருக்க மாஸ்டர்பீஸ் அதுதானே?” எடுத்தவனிடமே கேட்கிறார். தருகிறேன் என்றேன். நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அக்காவிடம் கேட்டேன்.

“துட்டி கேக்க வந்த இடத்துல எதுக்குலே இது?” என்றாள்.

“கைதட்டினவங்க எல்லாரும் அங்கதானேக்கா வருவாங்க?”

“அப்பம் பெரிசாப் போடு” என்றாள்.

பெரிதாகவே போட்டிருக்கிறேன். நீங்கள் இந்த மலரைப் புரட்டும் அரங்கில், மாலை போட்ட அவருடைய படத்துக்குப் பக்கத்துச் சுவரில், அதைவிடப் பெரிதாக, ஒரு விரற்கடைகூட வெட்டாமல் அது தொங்குகிறது. தலைப்பு வைக்கவில்லை. ஸ்டெல்லா, ஜெபின் என்று இரண்டு பெயர்கள் மட்டும். உதட்டைப் பாருங்கள். அவர் சொன்ன அழுகை அதில் எங்கே இருக்கிறது என்று உங்களில் யாராவது எனக்குக் காட்டுங்கள்.

இறந்தவரைப் பகைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்ல வருகிறவர்கள் அன்று கைதட்டாதவர்களாக இருக்க வேண்டும். அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பகை ஒன்றுதான். ஒரு முகத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடாமல் இத்தனை வருடம் என் கண்ணைக் காத்தது அது. மன்னித்து அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.