எலும்பு ஒட்டக் காத்திருந்த ஆறு வாரம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேனுக்குக் கை காட்டுவது என் வேலை. சந்தேகம் வந்து முஷ்டியை உயர்த்தினால் கிரேன் நின்றுவிடும். எனக்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது. அப்படி ஒருமுறை லாரிமேல் நின்று முஷ்டியைக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்ததில் கீழே விழுந்து கால் முறிந்தது. தூக்கிய இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதமாகியும் எலும்பு ஒட்டவில்லை. இன்னும் ஆறு வாரம் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பைக் கொஞ்சம் சுரண்டிக் காலில் வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்கு இடுப்பும் வலிக்க ஆரம்பித்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். என் மகள் கல்லூரியில் எலும்பு செல்களைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எலும்பு கட்ற செல்லு பொறக்கசொல்லோவே அப்டி இல்ல நைனா. இன்னாவா ஆவணும்னு முடிவாவாத செல்லு அது. எலும்பு கட்டுன்னு உள்ளேருந்தே ஆர்டர் வரும். மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு குட்டியூண்டு நூலு கீது. அந்த ஆர்டர் மேல ஒட்டிகினு வேலைய நிறுத்திடும்."

நான் காலைத் தொட்டுப் பார்த்தேன். "அப்ப என் கால்ல அதான் குந்திகினு கீதா? அத்த எடுக்க மாத்திர இன்னா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா செல்லு ஒழுங்கா வளராது. எலும்பு கட்டாதேன்னு சொல்ற ஆர்டரையே அமுக்குற நூலும் கீது, அது எலும்புக்கு நல்லது. உன் கால்ல எது இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்குறது டப்பாவுல வளக்குற செல்லு."

தானாக எதையும் தூக்காமல், வேண்டாம் என்று காட்டுவதே அதற்கும் வேலை. நம்ம ஆள்தான் என்று அந்த நூல்மேல் பாசமே வந்துவிட்டது. அதனாலேயே பயமும் கூடியது. என்னைப் போல எல்லாவற்றையும் நிறுத்துகிற ஆளாக இருந்தால் எலும்பு என்றைக்குக் கட்டும்?

"யோவ், நீ தொட்டுத் தொட்டுப் பாத்துகினு இருந்தா அதுங்களுக்கே பேஜாராப் பூடும். கம்முனு குந்து" என்றாள் மனைவி.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவின் குறுக்கே பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"புது எலும்பு கட்டிட்டிருக்கு. ஆபரேஷன் வேணாம்" என்றார் டாக்டர்.

"சார், இது என் படம்தானா?"

"உங்க கால்தாங்க. கொஞ்சம் ஊனிப் பாருங்க."

"எந்தக் கால மொதல்ல வைக்கணும் சார்?"

"எத்தயாவது வை நைனா" என்று கூட வந்திருந்த என் மகள் சிரித்தாள்.

முறிந்த காலையே வைத்தேன். வலித்தது. ஆனால் தாங்கியது.