தாடியை எடுத்த புதன்கிழமை

சவரக்கத்தி பிடிக்க நான் கற்றுக்கொண்டதற்குக் காரணம் என் கணவர். அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று அவர் அடித்த கூத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி உண்டாகியிருந்தால் ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் ஆகிறவரை கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது. கோயிலைச் சுற்றியிருக்கும் எங்கள் மாட வீதிகளில் இது பலருக்கும் தெரியும். பளிச்சென்று உடுத்திக்கொண்டு ஆபீஸ் போகிற ஒருவர் திடீரென்று புதர் மாதிரி தாடி வளர்த்தால், எப்போது பிரசவம் என்றுதான் கேட்பார்கள். மற்ற இடங்களில் தாடி என்றால் சபரிமலை, இல்லாவிட்டால் காதல் தோல்வி. ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் அவருடைய ஆபீசில் ஒருவர், "இன்னா மச்சி, எவளாவது உட்டுட்டுப் போய்ட்டாளா?" என்று கேட்டாராம். "பொண்டாட்டி உண்டாயிருக்கா" என்று இவர் சொன்னதும் அவர் இன்னும் குழம்பிப் போனாராம்.

தினம் சவரம் செய்துகொண்டு பழகிய முகம். முதல் மாதம் முழுக்க அரிப்பு. சொறிந்துகொண்டே சாப்பிடுவார், சொறிந்துகொண்டே தூங்குவார். இந்த லட்சணத்தில் ஒரு நாள் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே மடக்குகிற சவரக்கத்தி, அதைத் தீட்டுவதற்கு ஒரு தோல் வார், ஒரு பிரஷ்.

"கொழந்தை பொறந்ததும் இந்தத் தாடிய ராஜா மாதிரி எடுக்கணும். சும்மா பிளேடுல வழிச்சுப் போடக் கூடாது" என்றார்.

கற்றுக்கொள்ள ஒரு முகம் வேண்டாமா? இருக்கிற ஒரு முகத்துக்குத்தான் தடை. சவரமே செய்யக்கூடாத காலமாகப் பார்த்து சவரக்கத்தி வாங்கிய மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் இருப்பார். வீடியோவில் பலூன்மேல் சோப்பு நுரை தடவிப் பழகலாம் என்று போட்டிருந்ததாம். தி. நகருக்குப் போய் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தார். முதல் பலூன் வெடித்ததும் மாமியார் பூஜையைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். அன்றைக்கு ஒரு பலூன்கூடப் பிழைக்கவில்லை.

"கத்திய நிமிர்த்திப் பிடிச்சா வெட்டத்தான் செய்யும். இப்படிக் குடு" என்றேன். தனியாக இருக்கும்போது 'நீ', மாமியார் எதிரில் 'நீங்க'. அது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தோசைத்திருப்பியைக் கல்லோடு சாய்த்துப் பிடிக்கிற அதே சாய்வுதான் இதற்கும். கத்தியின் கனமே நுரையை வழித்துக்கொண்டு போகும், நாம் அழுத்த வேண்டியதில்லை. வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும் என்பது மட்டும் தெரியாமல் கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளி, புது வாரில் ஒரு கீறல் போட்டுவிட்டேன். சில நாட்களில் பலூன் வெடிப்பது நின்றது. வயிறு மேஜையில் இடிக்க, எட்டி நின்றுகொண்டு வழிப்பேன்.

"புள்ளத்தாச்சி கையில கத்தி எதுக்குடி?" என்று மாமியார் கேட்டார்.

"உங்க புள்ள கையில இருந்தா ஆபத்தும்மா" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் தாடியை நான்தான் எடுப்பது என்று முடிவானது.

எட்டாம் மாதம் ஒரு நாள் காலையிலிருந்து அசைவு தெரியவில்லை. அடையாறில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெண் குழந்தை. அம்மா பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க மாட்டாள் என்று பெரியவர்கள் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். மறப்பதாக நான் யாரிடம் சொன்னேன்? ஆனால் அப்போது மயக்கத்தில் இருந்தேன், சண்டை போடத் தெம்பு இல்லை. என் கணவர் ஒருவர்தான் பார்த்தார். அவர்தான் கையில் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். திரும்பி வந்ததும், "எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"தூங்கு" என்றார்.

அதற்கப்புறம் எத்தனை முறையோ கேட்டேன். எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். என் வயிற்றில் இருந்தவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

கத்தியைப் பற்றி மாமியார் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அவர் சொல்லவே இல்லை. தினமும் எனக்குப் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார்.

தாடியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கிற வாத்தியாருக்கு மாமியார் போன் போட்டுக் கேட்டார். "பிரசவம் ஆயிடுத்தோல்லியோ, எடுத்துடச் சொல்லுங்கோ" என்றார் வாத்தியார். புதன்கிழமை நல்ல நாள் என்று மாமியார் சொன்னார். அந்தப் புதன் போயிற்று, அடுத்த புதனும் போயிற்று. அவர் தாடியோடுதான் ஆபீஸ் போனார், தாடியோடுதான் வந்தார். உண்டாயிருந்தபோது செய்தது போலவே வரும்போதெல்லாம் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்து சுவாமி படத்தருகே வைத்தார். நான் அதைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை.

நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் மருந்து வாங்க அவரோடு போனேன். கோயில் குளத்தருகே பூக்காரம்மாவிடம் அவர் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கிக் கொஞ்சம் பின்னால் நின்றேன். அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியாது.

"இன்னா சார், தாடி இன்னும் அப்டியே கீது? அம்மாவுக்கு நாளு தள்ளிப் போவுதா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாம்மா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கு" என்றார் அவர்.

"நல்லபடியா பெத்துக் குடுப்பாங்க. கவலப்படாத" என்று சொல்லி, அரை முழம் சேர்த்து நறுக்கிக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. ஆஸ்பத்திரியில் எனக்கு வராத அழுகை அங்கே, பூக்கூடைக்குப் பின்னால் நின்றபோது வந்தது. அவருக்கு அந்தப் பூக்காரம்மாவிடம் மட்டும் குழந்தை இன்னும் உயிரோடு இருந்தது. எனக்கு எங்கேயும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையில் வெந்நீர் வைத்து, ஜன்னல் கம்பியில் வாரை மாட்டிக் கத்தியைத் தீட்டினேன். நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றேன். மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். நான் 'நீ' போட்டுப் பேசியதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் கத்தரிக்கோலால் கத்தரித்தேன். பிறகு சூடான துண்டு, நுரை. பலூனுக்கு எலும்பு கிடையாது. முகத்தில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி வளைந்தது, தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் கத்தி தடுக்கியது. காதோரத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்கு வந்தபோது அவர் தாடை நடுங்க ஆரம்பித்தது.

"ஆடாதே. கையில கத்தி இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கண்ணிலிருந்து வடிந்தது நுரையில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. கழுத்து முடிந்தது, மேலுதடு முடிந்தது. மோவாய்க்கு வந்தேன். அதன் நடுவில் அவருக்கு ஒரு குழி உண்டு. விரலால் தோலை விரித்தால்தான் அதற்குள் இருப்பதை எடுக்க முடியும். விரலை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க வேண்டாம். விட்டுடு."

"ஏன்?"

பிடித்த மணிக்கட்டை விடாமலே சொன்னார்.

"அவளுக்கும் இருந்துது."

நான் கத்தியை மடக்கிக் கீழே வைத்தேன். "குழி எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். சுண்டுவிரலை நீட்டி, அதன் நுனியைக் காட்டினார். முடி இருந்ததா என்று கேட்டேன். கறுகறுவென்று நிறைய என்றார். கண்? மூடியிருந்தது. கை? விரல் நீளம், உன்னோடது மாதிரி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். புடவையெல்லாம் சோப்பு நுரை.

அழுது முடித்ததும், "எடுத்துடு" என்றார்.

மறுபடி நுரை போட்டு, தோலை விரித்து, கத்தியின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற அதே குழிதான். என் பெண்ணின் முகத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான்.