வலை அறையில் ஓர் எலுமிச்சம்பழம்

வல்லம் வடகாலில் கார் பாகம் செய்யும் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு மாம்பழக் கிடங்கு என்றால் யாரும் நம்புவதில்லை. அங்கேதான் நான் தரம் பார்க்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பழத்தைக் கழுவி, சூடான ஆவியில் வைத்துப் பழ ஈயின் முட்டையைக் கொன்று, பெட்டியில் அடுக்குகிற வேலை.

எங்கள் பழத்தை ஒரு நாடு வருஷக்கணக்கில் உள்ளே விடவில்லை. இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பேசி, அவர்கள் ஆப்பிளை நாம் வாங்குவது, நம் மாம்பழத்தை அவர்கள் வாங்குவது என்று ஒருவழியாக முடிவானது. ஆனால் அவர்கள் அதிகாரி வந்து எங்கள் கிடங்கைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் மண்ணூர் அக்காவுக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். லைனில் மூத்தவர் அவர். சீசன் முடிந்தால் வீட்டில் உட்கார வேண்டிய கான்ட்ராக்ட் ஆள்.

ஆவியில் வைத்த பழம் வலை அடித்த அறைக்குப் போகும். ஆவி படாத பழம் எதுவும் அதற்குள் நுழையக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணீர் வற்றியது.

அதிகாரி வெள்ளிக்கிழமை வந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வலை அறைக்குள் போய்த் திரும்பியவர், கதவுக்கு மேலே பார்த்தபடி நின்றுவிட்டார். அறையின் உட்பக்கத்திலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் அதன் கீழேதான் போய்வந்தோம். ஒருவர் கண்ணும் அதில் நிற்கவில்லை. வாசல் என்றால் அது இருக்கும், அவ்வளவுதான்.

“என்னக்கா இது?” என்றேன்.

“வெளியாளு வர்றாங்களே, கண்ணு படக் கூடாதுன்னு நான்தான் கட்னேன். எங்க வூட்டு மரத்துக் காய் மேடம். பூச்சி கீதான்னு நீங்களே பாருங்க.”

அதிகாரி அதை அறுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு புழு இல்லை. அவர் சொன்னதை உடன் வந்தவர் தமிழில் சொன்னார்: “பழத்துல குறை இல்லையாம். இது உள்ள வந்தா வேற பழமும் வரும்ல? அடுத்த சீசன் திரும்பி வந்து பார்ப்பாராம்.”

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே என் கோபமெல்லாம் அக்கா மேல் திரும்பியது. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

“அப்போ நம்ம பர்மனன்ட்டு?” என்றார் அக்கா.

“அடுத்த சீசன் பாக்கலாம்க்கா.”

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். திட்டப் போனவள், பஸ் கிளம்பியதும் கிடங்குக்குத் திரும்பினேன். அந்த அனுமதி கிடைக்க வேண்டுமென்று அவரளவுக்கு எங்களில் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.