சுண்டுவிரல் காய்

பெரிசாக வளர்ந்தால் மதிப்புக் குறைந்துபோகும் காய் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை எங்கள் கொல்லையில்தான் முதலில் பார்த்தேன். அன்னவாசல் பக்கத்துச் செம்மண் கொல்லை. வருஷா வருஷம் கடலைதான் போடுவோம். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் பங்குனியில், அப்பா கடலையை விட்டுவிட்டு ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஊறுகாய் வெள்ளரி விதையை ஊன்றினார். விதை, உரம், மருந்து எல்லாம் அவர்களே முன்கூட்டிக் கொடுப்பார்கள். காயை அவர்களுக்கே போட வேண்டும். கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

அதுவரை அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். தீபாவளிக்கும் தேருக்கும் வருவார். நான் கூச்சம் தெளிந்து மடியில் ஏறுவதற்குள் பஸ் ஏறிவிடுவார்.

"இந்தக் காய் மட்டும் கைகொடுத்துட்டா ஒங்கப்பா இங்கிட்டே இருந்துருவாங்க" என்று அம்மா கொடியைப் பார்த்துச் சொல்வாள், என்னைப் பார்த்து அல்ல.

காயும் கைகொடுக்கத்தான் செய்தது. தினமும் காலையில் பறிப்போம், மத்தியானம் வேன் வரும். சுண்டுவிரல் தடிமனுக்கு நல்ல விலை, கட்டைவிரல் தடிமனுக்குப் பாதி. அதற்கு மேல் பருத்ததை வேன்காரர் தொடவே மாட்டார். அம்மா சந்தேகம் வந்தால் என் விரலைப் பிடித்து இழுத்துக் காயோடு ஒட்டிவைத்துப் பார்ப்பாள். கோடை லீவு முழுக்க வெள்ளரி வாசத்தோடு திரிந்த ஒரே பிள்ளை நான்தான்.

"வெள்ளைக்காரங்களுக்கு வாய் அவ்வளவு சின்னதா சித்தப்பா?" என்று கூடப் பறித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் கேட்டேன்.

"வாய் பெருசுதான்டி, பாட்டில் வாய்தான் சின்னது. காய் அதுக்குள்ள எறங்கணும்ல?"

கடல் தாண்டி எங்கேயோ ஒரு கடைத்தட்டில் நிற்கும் பாட்டில், நாங்கள் எத்தனை மணிக்கு எழுந்திரிக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது.

வைகாசியில் அம்மன் கோயில் தேர் வந்தது. தேரோட்டத்தன்றும் மறுநாள் மஞ்சத்தண்ணி விளையாட்டு முடியும் வரையும் எங்கள் ஊரில் யாரும் கொல்லையில் இறங்கக் கூடாது. கம்பெனி ஆள் பதறிப்போனார்.

"அண்ணே, ஒரு நாள் விட்டாலே காய் ஊதிரும். தேராவது ஒண்ணாவது, பறிச்சிருங்க."

"இத்தன வருசமா லீவுல வந்தவனாத்தான் தம்பி வடம் புடிச்சேன். இந்த வருசம்தான் ஊர்க்காரனாப் புடிக்கப் போறேன். நானே மொறைய மீறுனா நல்லாவா இருக்கு?"

"விடியமுன்ன சத்தமில்லாமப் போய்ப் பறிச்சுட்டு வந்துரட்டுமாங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா தோளில் போட்டுக்கொள்ளப் புதுத்துண்டை உதறினார். அம்மா பறிக்கிற கூடையைக் கவிழ்த்துவைத்தாள்.

அப்பா வடத்தின் முன்வரிசையில் நின்றார். தேர் நிலைக்கு வந்த சாயங்காலமே மழை கொட்டியது. அம்மன் மனசு குளிர்ந்துவிட்டது என்றார்கள். எங்கள் வெள்ளரியும் குளிர்ந்திருக்கிறது.

மஞ்சத்தண்ணி முடிந்த மறுநாள் காலையில் போய் இலையை விலக்கினால், ஒவ்வொன்றும் என் முழங்கை மொத்தம்! நான் கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். இவ்வளவு பெரிய விளைச்சலை எங்கள் ஊர் கண்டதில்லை. வேன்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "என்னண்ணே இது" என்றார் மெதுவாக. வேன் காலியாகத் திரும்பியது.

அதனால் என்ன? திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்புகிற நாள் அது. அம்மா ஆளாளுக்குப் பையில் திணித்தாள்.

"போதும் அண்ணி, காது அறுந்துரும்!" என்று அத்தை பையை இழுத்தாள்.

"பையிதானே, தச்சுக்கலாம். கொண்டு போங்க, பிள்ளைங்க கடிக்கும்."

மாடும் தின்று சலித்தது. எங்கள் வீட்டைப்போலத் தாராளமான வீடு உண்டா என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

முத்தின காயைச் சுமந்ததில் கொடி சோர்ந்துவிட்டது. அப்புறம் பூத்ததெல்லாம் உரக்கணக்குக்கே சரியாகப் போனது. ஆடியில் மழை விழுந்ததும் அப்பா கொல்லை முழுக்கத் தைலமரக் கன்று வைத்தார். கன்றைக் கொடுத்தவரே காகித ஆலைக்கு வெட்டிக்கொண்டு போவாராம்.

"களை வேணாம், தண்ணி வேணாம், தெனம் பறிக்க வேணாம். வெட்டுற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பியே பாக்க வேணாம்" என்றார் சித்தப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே மனசுக்குள் திட்டம் போட்டேன்: அப்பா எனக்கு சைக்கிள் பழக்க வேண்டும், என்னை நார்த்தாமலைக்கு மேலே ஏற்றிக் கூட்டிப்போக வேண்டும்.

"அப்பா, இனிமே ஒங்களுக்கு இங்க வேலையே இல்லல்ல?"

அவர் கன்றைச் சுற்றி மண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"இல்லத்தா."

அதைவிட நல்ல சேதி இருக்க முடியுமா? வீட்டுக்கு ஓடினேன். வாசல் கொடியில் அம்மா, அப்பா திருப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய டிராவல் பையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள், ஈரம் சொட்டியது. அதற்குக் கீழே குனிந்து ஓடி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"எங்கப்பாவுக்கு இனிமே கொல்லையில வேலையே கெடையாது, தெரியுமா ஒனக்கு?"