பை வந்தது, ஆள் வரவில்லை

எனக்கு விடுப்பு அறிகிற, அடுத்தவர் விஷயத்தைத் துருவுகிற குணம் கொஞ்சம் கூட. தாதித் தொழிலுக்கு அது தேவைதான் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வாட்டில் வேலை செய்கிறேன். பிரசவம் இழுபட்டு, உள்ளே சதை நசிந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவில் ஓட்டை விழுந்த பெண்கள் எப்போதாவது எங்களிடம் வருவார்கள். சிறுநீர் இரவு பகலாகக் கசிந்துகொண்டே இருக்கும். அடக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. ஒப்பரேஷன் செய்து அதைத் தைத்துவிடலாம். தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் ஒன்றரை மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்து காட்டவேண்டும். பலர் வரமாட்டார்கள்.

"சுகப்பட்டவை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டினம் மிஸ்" என்பார் எங்கள் டொக்டர். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். நானும் நம்பினேன். ஒருத்தியின் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண். முதல் பிரசவத்திலேயே இந்த நிலை, பிள்ளையும் தங்கவில்லை. டொக்டர் அவளுக்கு நெடுநேரம் நின்று தைத்தார். சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்த அன்று விரித்த துணி காய்ந்தே கிடந்தது. டொக்டர் கை தட்டாத குறை. சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் கிளினிக்குக்கு வரவில்லை. ரெலிபோனும் வேலை செய்யவில்லை.

ஆனால் பை வந்தது. அவள் ஊரிலிருந்து வரும் மினி பஸ் கொண்டக்டர் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். முருங்கைக்காய், மாம்பழம், ஒருமுறை பலாப்பழமும் வந்தது. "டொக்டருக்கும் மிஸ்மாருக்குமாம்" என்பார். ஊரில் சுகப்பட்டவர்கள் டொக்டருக்கு இப்படிக் கொடுத்துவிடுவது வழக்கம்தான். ஆகவே அவளும் சுகம் என்று எல்லோரும் முடிவுகட்டினோம். மாம்பழத்தை வாட்டிலேயே வெட்டித் தின்றோம். நல்ல இனிப்பு.

என் மூளைதான் சும்மா இருக்காதே. ஒருமுறை கொடுத்துவிட்டால் நன்றி. மாதாமாதம் கொடுத்துவிட்டால்? பலாப்பழம் ஏறி வருகிற அதே பஸ்ஸில் அவளுக்கு ஏறி வரமுடியாதா? ஒரு லீவு நாளில் அந்த மினி பஸ்ஸிலேயே ஏறினேன். கொண்டக்டர் ஓர் ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டு வீட்டைக் காட்டினார்.

அவள்தான் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். "ஐயோ மிஸ், வாங்கோ" என்று சிரித்தாள். கதிரை போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை என் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய், காற்று என்னிடமிருந்து அவள் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து நின்றாள். வாடை மற்றவர்களுக்கு அடிக்கக்கூடாதென்று இந்தப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். கொல்லைப் பக்கக் கொடியில் கிழித்த சீலைத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்தன.

"திரும்பத் துடங்கீட்டுதோ பிள்ளை?"

தலையைக் குனிந்தாள். "வந்து கொஞ்ச நாளிலேயே மிஸ். நான்தான் கிணத்திலை தண்ணி அள்ளிக் கெடுத்துப்போட்டன்."

"அப்ப ஏன் வரேல்லை?"

"டொக்டர் எவ்வளவு பாடுபட்டவர்! டியூப் எடுத்த அண்டைக்கு அவரின்ரை முகத்திலை இருந்த சந்தோஷத்தைக் கண்டனான். அவரிட்டைப் போய் எல்லாம் வீணாப்போச்சுதெண்டு என்னெண்டு சொல்லுறது? அதுதான்... ஏதோ மனம் கேளாமல் காய் பிஞ்சைக் குடுத்துவிட்டனான். சுகமெண்டு சொல்லிவிடுங்கோ மிஸ்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் எரிந்துவிழுவது என்றுதான் தெரியவில்லை.

"ஓட்டை உமக்கு. முகம் வாடுறது டொக்டருக்கு. ரெண்டிலை எது பெரிசு சொல்லும் பாப்பம்? தைச்சது பிரிஞ்சால் இன்னொருக்காத் தைக்கலாம். வராமல் நிண்டால் என்னத்தைத் தைக்கிறது?"

"இன்னொருக்காச் செய்யலாமோ?" என்று கேட்டாள். இத்தனை மாதமும் அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்குக் கணவரோடு ஓட்டோவில் வந்தாள். டொக்டரைக் கண்டவுடன் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீர் துணி துவைச்சுக்கொண்டு இருந்திருக்கிறீர். நான் உம்மடை மாம்பழத்தைத் திண்டுபோட்டு நிம்மதியா நித்திரை கொண்டிருக்கிறன்" என்றார். இரண்டாம் முறை தைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, ஈரம் பட்டாலும் படாவிட்டாலும் வந்து காட்டவேண்டும் என்று நான் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டேன். கணவரின் ரெலிபோன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

கிளினிக் நாள் வந்தது. அவள் வரவில்லை. பையும் வரவில்லை. கொண்டக்டரைக் கேட்டேன், கையை விரித்தார். பை வந்தபோது சுகமென்று நினைத்து ஏமாந்தோமே, இப்போது பை வராததை எப்படி எடுத்துக்கொள்வது? சுகமா? இல்லை, பழம் கொடுத்துவிடக்கூட முகமில்லாமல் போய்விட்டதா? எனக்கு வேலை ஓடவில்லை. நம்பரைத் தேடி எடுத்து அழைத்தேன். கணவர் எடுத்து அவளிடம் கொடுத்தார். ஒரே இரைச்சல், பாட்டுச் சத்தம்.

"ஆர், மிஸ்ஸோ? பஸ்ஸுக்குள்ளை நிக்கிறன் மிஸ், சரியான சனம், காலை எடுத்துவைக்க இடமில்லை! சொந்தத்துக்கை ஒரு கலியாணவீடு, எல்லாருமாப் போறம்."

"இண்டைக்குக் கிளினிக் எல்லோ!"

உண்மையாகவே திடுக்கிட்ட குரலில் சொன்னாள்: "ஐயோ மிஸ், மறந்தே போனன்!"

கிளினிக்கை மறக்கலாமா என்று அவளை நன்றாக ஏசினேன். அடுத்த கிழமை கட்டாயம் வரவேண்டும் என்றும் சொன்னேன். ரெலிபோனை வைத்துவிட்டு, அவள் சனத்துக்கு நடுவில் நிற்கிறாளாம், கிளினிக்கை மறந்தே விட்டாளாம் என்று சொல்ல டொக்டரின் அறைக்கு ஓடினேன்.